பெட்டியில் இல்லாத சோதனை: கீழ்வேளூர் வட்டாரக் குடிநீர்க் குழுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

ஊருக்கு ஐந்து பேர் என்று உங்களைத் தேர்ந்தெடுத்து, ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி கொடுத்து, தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்றையும் ஒப்படைத்திருக்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடிக்க வேண்டும். சொட்டு மருந்தை எண்ணி விட்டு, மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கலங்கல், கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் என்று ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்ற வேண்டும். சம்பளமில்லாத வேலை என்று பார்க்காமல் இதைச் செய்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் இல்லாத ஒரு சோதனையைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் பக்கத்துப் பெண்களுக்குத் தண்ணீரைக் கணிக்கப் பெட்டியே தேவைப்பட்டதில்லை. பருப்பு வேகவில்லை என்றால் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை என்றால் கடினத் தண்ணீர். கைப்பம்பில் அடித்த தண்ணீர் குடத்தில் கொஞ்ச நேரம் இருந்து செம்பழுப்பாக மாறினால், குழாய் வாயில் கட்டிய வெள்ளைத் துணி காவி ஏறினால், இரும்பு. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ந்து போன ஊர்களில் நாக்கும் கண்ணும் செய்த வேலை இது. இப்போது நான் சொல்லப்போகிற பொருளுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியும் கிடையாது. அது கலந்த தண்ணீரில் பருப்பு நன்றாகவே வேகும்.

அதன் பெயர் பிஃபாஸ். ஒரே பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் அடங்கிய ஒரு குடும்பம். எல்லாமே மனிதன் செய்தவை. கரியணுவோடு புளோரின் அணுவைப் பிணைத்துச் செய்கிறார்கள். வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் அது ஒன்று. வெயில், மழை, மண்ணில் உள்ள நுண்ணுயிர் எதுவும் அதை எளிதில் அறுக்க முடியாது. அதனால்தான் உலகம் இவற்றை அழியா ரசாயனங்கள் என்கிறது. உங்கள் பெட்டியில் புளோரைடு சோதனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது அதுதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். பிஃபாஸில் உள்ள புளோரின் கரியணுவோடு இறுகிக் கிடப்பதால் அந்தச் சொட்டு மருந்துக்கு அகப்படாது.

1938இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லானில் தொடங்கியது இந்தக் கதை. இந்தக் குடும்பத்துப் பொருள்கள் தண்ணீரையும் ஒட்டவிடாது, எண்ணெயையும் ஒட்டவிடாது. ஒட்டாத தோசைக்கல், நனையாத மழைக்கோட்டு, கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத பார்சல் காகிதம், குரோம் முலாம் பூசும் பட்டறை, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று எல்லா இடத்திலும் புகுந்தது அதனால்தான். வேலை முடிந்த பிறகு அது சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மண்ணுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் போகிறது.

அளவைச் சொல்கிறேன், நம் ஊர்க் கணக்கிலேயே. 2024 ஏப்ரலில் அமெரிக்கா குடிநீருக்கு ஒரு வரம்பு வைத்தது. இந்தக் குடும்பத்தில் பெயர் கெட்ட இரண்டு பொருள்களான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மறு ஆண்டு அந்த அரசு வேறு சில பிஃபாஸ்களின் வரம்பை விலக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோதும், இந்த இரண்டின் வரம்பில் கை வைக்கவில்லை. கெடுவை மட்டும் 2031க்குத் தள்ளப் போவதாகச் சொன்னது. அந்த 4 நானோகிராமை டி.எம்.சி.யில் பார்த்தால், ஒரு டி.எம்.சி. தண்ணீருக்குச் சுமார் 113 கிராம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி 93.47 டி.எம்.சி. நிற்கும்போது அதில் பத்தரை கிலோ கலந்தால் போதும், அணை முழுவதும் அந்த வரம்பைத் தொட்டுவிடும். இவ்வளவு சிறிய அளவுக்கா பயம் என்று தோன்றும். உடம்புக்குள் போனது சீக்கிரம் வெளியேறுவதில்லை என்பதுதான் விஷயம். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரகம் வெளியே தள்ளாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போனதில் பாதி குறையவே சில ஆண்டுகள் ஆகும். தினம் குடிக்கிற தண்ணீரில் இருந்தால், கழிவதைவிடச் சேர்வதுதான் அதிகம்.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குத் தெரிவித்தது ஒரு மாட்டுக்காரர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே டூபான்ட் ஆலைக் கழிவு கலந்த ஓடையில் தண்ணீர் குடித்த தன் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்து, வில்பர் டென்னன்ட் என்ற விவசாயி ராபர்ட் பிலாட் என்ற வழக்கறிஞரிடம் போனார். 1999இல் வழக்குத் தொடுத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய அடுத்த வழக்கின் சமரசத்தில் சுமார் 69,000 பேரின் ரத்தமும் உடல்நலமும் ஆராயப்பட்டன. 2012இல் முடிந்த அந்த ஆய்வு சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகிய ஆறுக்கும் பிஎஃப்ஓஏவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தீர்ப்புச் சொன்னது. 2023 கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்தது. குடித்தவர்களுக்கெல்லாம் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆயிரம் பேர் குடிக்கிற குழாயில் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். அதனால் இது ஒரு வீட்டுக் கவலையாக முடியாமல் ஊர்க் கவலையாகிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆறு, ஏரி, நிலத்தடி நீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டையும் தேடிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அதில் அதிகமாகக் காணப்பட்டது நொய்யலில். சென்னையில் ஐஐடி ஆய்வாளர்கள் அடையாறு, பக்கிங்காம் கால்வாய், பெருங்குடி நிலத்தடி நீர் மட்டுமல்லாமல், குடிநீர் ஏரியான செம்பரம்பாக்கத்திலும் இவற்றைக் கண்டார்கள். அந்தச் செய்தி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

நொய்யல் என்றதும் உங்களுக்குத் திருப்பூர் நினைவுக்கு வரும். சாயக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணையே விவசாயிகளுக்கு வேண்டாத அணையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த சங்கதி. அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி மாயனூர் தாண்டி முக்கொம்பு வந்து கொள்ளிடமாகப் பிரிகிறது. கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வருகிறது. நாம் "கொள்ளிடம் தண்ணி" என்று குடத்தில் பிடிப்பது அதுதான். மேலே பெங்களூருவின் விருஷபாவதிச் சாக்கடையும் அர்க்காவதி வழியாகக் காவிரிக்குத்தான் வருகிறது. ஆற்று மணல் நல்ல வடிகட்டிதான், கலங்கலைப் பிடிக்கும், கிருமியையும் பெருமளவு பிடிக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த பிஃபாஸ் மணலில் நிற்காது. தண்ணீர்ப் பங்கீட்டில் நாம் கடைமடை. முறை வைத்தாலும் நமக்குக் கடைசியில்தான் வரும். கழிவில் மட்டும் மேலிருந்து வருகிற ஒன்றும் நம்மைத் தாண்டிப் போகாது.

பக்கத்திலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நரிமணம், பனங்குடிப் பக்கம் 1993இல் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அந்த இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கும் புது ஆலை கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே இந்த ரசாயனம் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. உலகமெங்கும் எண்ணெய் ஆலைகளும் விமான தளங்களும் தீயணைக்கப் பிஃபாஸ் கலந்த நுரையை வைத்திருந்தன, பயிற்சிக்காகத் தரையில் பீய்ச்சவும் செய்தன. இன்று புளோரின் இல்லாத நுரை கடையில் கிடைக்கிறது. புது ஆலை எந்த நுரையை வாங்கப்போகிறது என்று கேட்க, ஆலை எழும்புவதற்கு முந்தைய காலத்தைவிட நல்ல காலம் இல்லை.

அந்த நுரை ஒரு சிற்றூரை என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்வீடனில் ரோனபி நகராட்சியில் கல்லிங்கே என்ற ஊர். பக்கத்து விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்குப் பீய்ச்சிய நுரை நிலத்தடி நீரில் இறங்கி, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த பிரான்டாபோர்ஸ் நீரேற்று நிலையத்தில் கலந்தது. 2013 டிசம்பரில் சோதித்தபோது லிட்டருக்குப் பத்தாயிரம் நானோகிராமுக்கு மேல் இருந்தது. உடனே அந்த நிலையத்தை மூடினார்கள். அதுவரை அந்த ஊர் மக்கள் அதைத்தான் குடித்தார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து தண்ணீர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ரத்தத்தில் இவ்வளவு ஏறியிருப்பதே உடலுக்கு நேர்ந்த தீங்குதான் என்று 2023 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு கதை இத்தாலியில் ஆரம்பித்து நம் நாட்டில் முடிகிறது. வெனேடோ பகுதியில் திரிஸ்ஸினோ என்ற ஊரில் மித்தேனி என்ற ஆலை. அதன் கழிவு நிலத்தடி நீரில் கலந்து லட்சக்கணக்கானோர் குடிநீருக்குப் போனது 2013இல் வெளியானது. தங்கள் பிள்ளைகளின் ரத்தச் சோதனை முடிவுகளைக் கையில் வாங்கிய தாய்மார்கள் அமைப்பாகத் திரண்டார்கள். ஆலை 2018இல் திவாலானது. 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம் நிர்வாகிகள் 11 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை அங்கே. இயந்திரங்கள்? திவாலான ஆலையின் இயந்திரங்களை 2019இல் லட்சுமி ஆர்கானிக் இண்டஸ்ட்ரீஸின் துணை நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. அவை மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில், லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாடு சட்டத்தை இறுக்கினால் அந்தத் தொழில் சட்டம் தளர்ந்திருக்கும் நாட்டைத் தேடிப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் சட்டம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது? இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் ஈயத்துக்கு வரம்பு உண்டு, ஆர்சனிக்குக்கு உண்டு, பூச்சிமருந்துகளுக்கும் உண்டு. பிஃபாஸுக்கு இல்லை. வரம்பு இல்லாததால் சோதனை இல்லை, சோதனை இல்லாததால் பிரச்சினையும் இல்லை என்று கோப்பு மூடிக்கொள்கிறது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பிஎஃப்ஓஎஸ்ஸை 2009இலும் பிஎஃப்ஓஏவை 2019இலும் பட்டியலில் சேர்த்தது. 2020இல் இந்திய அமைச்சரவை அந்த உடன்படிக்கையின் ஏழு ரசாயனங்களை ஏற்றபோது இவை இரண்டும் அந்த ஏழில் இல்லை. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவைச் சுற்றும் பொருள்களில் பிஃபாஸைத் தடுக்க வரைவு வெளியிட்டது, நல்லதுதான். பரோட்டா பார்சல் காகிதத்துக்கு யோசித்ததைப் பரோட்டாவுக்குப் பிறகு குடிக்கிற தண்ணீருக்கும் யோசிக்கலாம். நம் பகுதிக்கு 2020இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது புது எண்ணெய்க் கிணறு தோண்டுவதைத் தடுக்கும், ஆற்றோடு வருவதைத் தடுக்காது.

இதைப் படித்த கையோடு சிலர் உங்களிடம் கேட்பார்கள், "அப்போ என்னதான்க்கா பண்றது? கொதிக்க வெச்சிக் குடிச்சாச் சரியாயிடுமா?" ஆகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், இது அப்படியே தங்கும். படிகாரம், பிளீச்சிங் பவுடர் இரண்டுக்கும் இது அசையாது. கிருமிக்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்தவும் வேண்டாம். மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் இன்னும் நம்மை விடவில்லை. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு பிடிக்கும். ஆனால் பிடித்ததைக் கழிவுத் தண்ணீராகப் பின்பக்கக் குழாயில் வெளியே விடும், அது கொல்லைக்கோ வாய்க்காலுக்கோ போகும். கரி வடிகட்டியும் பிடிக்கும், குறித்த காலத்தில் மாற்றினால். மாற்றாவிட்டால் பிடித்ததைத் திரும்ப விடவும் கூடும். கேன் தண்ணீர் வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் சரியில்லை. அந்த கேனிலும் இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதைக் கேட்டுப் பயந்து எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது என்பதால் தொடர்ந்து கொடுக்கச் சொல்வதுதான் மருத்துவர்களின் பொது அறிவுரை.

வீட்டுக்கு வீடு இயந்திரம் வைத்துத் தீர்கிற விஷயம் அல்ல இது. காசு உள்ளவர் வடிகட்டிக் குடிப்பார், அவர் வடிகட்டிய கழிவு காசில்லாதவர் வாய்க்காலுக்கு வரும். இதை இரண்டே இடத்தில்தான் தடுக்க முடியும்: கழிவு தண்ணீரில் சேர்கிற இடத்தில், அல்லது ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிற நிலையத்தில். இரண்டும் அரசின் கையில் இருக்கின்றன. அரசை அசைக்க, முதலில் ஒரு எண் வேண்டும். கீழ்வேளூர்க் குழாயில் விஷம் என்று நான் எழுதமாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். சுத்தம் என்று சான்று கொடுக்கவும் நம்மில் யாருக்கும் உரிமையில்லை. சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபை அதற்குத் தோதான நாள். கீழ்வேளூர்ப் பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றக் கூட்டத்தில் வைக்கலாம். சும்மா பேசிவிட்டு வராமல் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏற்றி, நகல் வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்.

ஒன்று, நம் ஊருக்கு வரும் கூட்டுக் குடிநீரை அது எடுக்கப்படும் கொள்ளிடக் கிணறுகளிலும், நம் மேல்நிலைத் தொட்டியிலும், தெருக்குழாயிலும் பிஃபாஸுக்குச் சோதிக்க வேண்டும். மேட்டூர் திறப்பதற்கு முன் ஆறு வற்றிக் கிடக்கும் கோடையில் ஒரு தடவை, ஆற்றில் தண்ணீர் ஓடும்போது ஒரு தடவை. தண்ணீர் குறையும்போது கழிவின் பங்கு கூடும் என்பதால் இரண்டும் வேண்டும். குடிக்கிற கைப்பம்புகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கான கருவியும் ஆளும் சென்னையில் இருக்கும்போது, மாதிரியை எடுத்து அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பெரிய வேலையில்லை.

இரண்டு, முடிவை நானோகிராம் கணக்கில் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். "வரம்புக்குள் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலை ஏற்காதீர்கள். நம் நாட்டில் வரம்பே இல்லாதபோது எந்த வரம்புக்குள் என்று கேளுங்கள். ஒப்பிட வேண்டுமானால் அமெரிக்காவின் 4 இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 20 வகைப் பிஃபாஸும் சேர்ந்து 100 நானோகிராமுக்கு மிகக் கூடாது என்று வைத்திருப்பதும் இருக்கிறது.

மூன்று, பனங்குடியில் எந்த நுரை இருந்தது, எவ்வளவு இருந்தது, பழைய இருப்பு எங்கே போனது, புதிய ஆலைக்கு எது வாங்கப்படும் என்று எழுத்தில் பதில் வேண்டும். பொதுத்துறை நிறுவனம் என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு நீங்களே கேட்கலாம். தகவல் தர சட்டம் கொடுத்திருக்கும் கெடு 30 நாள்.

நான்கு, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் துணிக்கு நீர் ஒட்டாப் பூச்சு ஏற்றும் ஆலைகளும் முலாம் பட்டறைகளும் எந்தப் பிஃபாஸைப் பயன்படுத்துகின்றன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியல் எடுத்து வெளியிட வேண்டும். தலைமடைக்காரருக்குப் பிழைப்பு வேண்டும், நமக்குத் தண்ணீர் வேண்டும். மாற்றுப் பூச்சு உலகச் சந்தையில் இருக்கிறது. ஏற்றுமதிக்காக வெளிநாட்டுக்காரர் கேட்டால் மாற்றுகிறவர்கள், ஆற்றில் கீழே குடிக்கிறவர்கள் கேட்டாலும் மாற்றலாம்.

மாதிரி எடுக்க ஆள் வரும்போது நீங்கள் கூட நில்லுங்கள். இது சொட்டு மருந்துச் சோதனை போல அல்ல. நீர் ஒட்டா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கையில் கிரீம் தடவிக்கொண்டு எடுத்தால் அந்தக் கோட்டிலும் கிரீமிலும் இருப்பதே புட்டியில் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். டெஃப்லான் பூசிய மூடி கூடாது, பாலிபுரொப்பிலீன் புட்டி வேண்டும். குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எந்தக் குழாயில் எடுத்தார் என்பதை உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் பேச்சு வந்தால் அந்த நோட்டுதான் சாட்சி.

வயலுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சாக்கடைக் கசடை உரமென்று பல ஆண்டுகள் நிலத்தில் போட்டு, பண்ணை மண்ணும் பாலும் கெட்டபின், 2022இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நகராட்சிக் கசடை உரமாகக் கொடுக்கிறோம் என்று நம் விவசாயிகளிடம் யாராவது வந்தால், சோதித்த சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் மண் ஒன்றுதான்.

முடிவு வந்து, அளவு மிகக் குறைவு என்று தெரிந்தால் சந்தோஷம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். புது ஆலை ஓடத் தொடங்கிய பின்னும் இதே இடத்தில் சோதித்து ஒப்பிட அதுதான் அடிப்படைக் கணக்கு. அதிகம் என்று தெரிந்தால், நீரேற்று நிலையத்தில் கரி வடிகட்டி அமைக்கவும், செலவைக் கழிவு விட்டவரிடம் வசூலிக்கவும் கேட்க உங்கள் கையில் எண் இருக்கும். எப்படி வந்தாலும் நஷ்டமில்லை. கேட்காமல் இருந்தால்தான் நஷ்டம்.

தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியர், குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு ஊராட்சி மட்டும் அனுப்பினால் கோப்பில் கிடக்கும். வட்டத்தில் உள்ள ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் ஒரே வாரத்தில் அனுப்பினால் யாராவது படித்தே ஆக வேண்டும். அதனால் மார்ச் மாதத்துக்கு முன்பே பக்கத்து ஊர்க் குழுக்களோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு கொள்ளிடம் தண்ணீர் குடிக்கும்
கடைமடைக்காரன்